நானூறு பக்கத்தில் ஒரு கிணறு

உங்கள் வீட்டில் யாராவது பெரியவர், செல்போனை மூக்குக்கு நாலு அங்குலத்தில் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் மேலே தள்ளு, மேலே தள்ளு என்று தள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரம் கழித்து, "இதுல இன்னாடா ஒண்ணுமே இல்ல" என்று அலுத்துப்போய் போனைக் கவிழ்த்து வைப்பார்.

ஒன்றுமே இல்லாமல் இல்லை. அவருக்கு வேண்டியது இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

என் பெரியப்பா பேரணாம்பட்டுக்காரர். வயது எழுபத்தொன்பது. ஊருக்கு வெளியே மலட்டாற்றை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலமும் இரண்டு கிணறும் உண்டு. உண்டு என்று நிகழ்காலத்தில் சொல்வது பத்திரப்படிதான். நிலம் இருக்கிறது, கிணறும் இருக்கிறது. தண்ணீர்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. என் சின்ன வயதிலேயே அந்தக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. பாய்ச்சின பாத்தி காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். தென்னை முதலில் காய்ப்பதை நிறுத்தியது. பிறகு நிற்பதையும் நிறுத்தியது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் காலில் போட்டிருக்கும் ஷூ அந்த வழியாக வந்திருக்கலாம். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் டேனரிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே முதல் வேலையே தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அப்புறம் சுண்ணாம்பு, குரோமியம், இன்னும் என்னென்னவோ. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. குரோமியத்தையாவது பிரித்து எடுத்துவிடலாம். கரைந்துபோன உப்பு சாதாரண சுத்திகரிப்புக்கெல்லாம் மசியாது. அது நேராக நிலத்துக்குள் இறங்கி, பெரியப்பாவின் கிணற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

2025 பிப்ரவரியில் ஒரு நாள் பெரியப்பா போன் செய்தார்.

"டேய், கேஸு முடிஞ்சிடுச்சாமே? டில்லியில சொல்லிட்டாங்களாமே? வக்கீல் ஆபீஸ்ல பையன் ஒருத்தன் போன்ல அனுப்பிக் கீறான். எனக்கு ஒண்ணும் புரியல. நீதான் கம்ப்யூட்டர்ல எழுதறவனாச்சே, பாத்து சொல்லு."

நான் கம்ப்யூட்டரில் எழுதுகிறவன் என்பது உண்மைதான். முப்பது வருஷமாக சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. 'இந்தப் பொத்தானை அழுத்தினால் இது நடக்கும்' என்று எழுதுகிற வேலை. யாரும் படிக்காத புத்தகங்களை எழுதிக் குடும்பம் நடத்துகிற ஆள் என்று என் மனைவி சொல்வாள். மறுக்க முடியாது.

பெரியப்பா எனக்குத் தள்ளிவிட்டதைத் திறந்தேன். ஒரே பி.டி.எஃப். 412 பக்கம்.

உள்ளே என்னென்ன இருந்தது என்று சொன்னால்தான் அவர் கஷ்டம் புரியும். 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு கொடுத்த தீர்ப்பு. அதற்கெல்லாம் மூலமான 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு. 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' 1991-ல் போட்ட வழக்கு அது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் படித்தே ஆகவேண்டிய தீர்ப்பு. 'மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும்' என்ற கொள்கை இந்திய மண்ணின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அழுத்தமாக நிறுவியது அதில்தான். அப்புறம், அந்தத் தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச் 7-ல் போட்ட இழப்பீட்டு உத்தரவு பற்றிய தாள்கள். இவற்றோடு ஊர்க்காரர்கள் அவ்வப்போது கொடுத்த மனுக்கள், கிராமவாரியாகப் பெயர்ப் பட்டியல்கள், ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அதை யாரோ சாய்வாக ஸ்கேன் செய்தது.

தலைப்பு கிடையாது. பொருளடக்கம் கிடையாது. ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒரு கோடு கூடக் கிடையாது. வாசலும் ஜன்னலும் வைக்க மறந்து கட்டிய கல்யாண மண்டபம் மாதிரி.

நீங்கள் உடனே சொல்வீர்கள்: அதனால் என்ன, தேடிக்கொள்ள வேண்டியதுதானே? கண்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தினால் பெட்டி வருகிறது, ஊர்ப் பெயரைப் போட்டால் வந்து நிற்கப்போகிறது. இந்தக் காலத்தில் பொருளடக்கம் எதற்கு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பேரணாம்பட்டு என்று ஆங்கிலத்தில் தட்டினேன். மூன்று இடத்தில் வந்தது. பெரியப்பாவின் ஊர் 412 பக்கத்தில் மூன்றே இடத்தில்தான் வருமா? சந்தேகம் வந்து பக்கங்களைப் புரட்டினேன். ஒருவர் 'பெர்ணாம்பட்' என்கிறார். ஒருவர் 'பேரணம்பட்டு' என்கிறார். இன்னொருவர் நடுவில் ஒரு 'பி' சேர்த்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் எங்கள் ஊருக்கு எழுத்துப் பஞ்சமே இல்லை. மாவட்டத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தால் அது இன்னும் மோசம். 1996 தீர்ப்பில் அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர். 2019-ல் மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. பேரணாம்பட்டு மட்டும் வேலூரிலேயே தங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்கேன் செய்த பக்கங்கள் எழுத்தே இல்லை, வெறும் படம். தேடுகிற பெட்டிக்கு அதுவும் காலண்டர் முருகனும் ஒன்றுதான்.

தேடலில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடவேண்டும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். பெரியப்பாவுக்குத் தெரிந்த சொல் 'கெணறு'. தீர்ப்பில் அந்தச் சொல் வேறு மொழியில், வேறு உருவத்தில் இருந்தது. பொருளடக்கம் அப்படியில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ளே இன்னின்ன இருக்கிறது, உங்களுக்கு எது?" என்று கேட்கும்.

சரி, நாமே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இணையப் பக்கத்துக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுவது ரொம்பப் பழைய வித்தை. டிம் பெர்னர்ஸ் லீ ஸ்விட்சர்லாந்தில் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது 1989-ல் வலை பற்றிய யோசனையை எழுதிக் கொடுத்தார். அதன் முதுகெலும்பே இணைப்புதான். ஹெச்.டி.எம்.எல்-இல் இணைப்புக்கான குறி 'ஏ' என்ற ஒற்றை எழுத்து. 'ஆங்கர்' என்பதன் முதல் எழுத்து. ஆங்கர் என்றால் நங்கூரம். போக வேண்டிய இடத்துக்கு ஒரு பெயர் வைக்கிறோம். பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு ஹாஷ் குறி போட்டு அந்தப் பெயரை எழுதினால் நேராக அங்கே போய் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். வேர்டில் செய்வதானால் இன்னும் சுலபம். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் 'ஹெடிங்' என்று அடையாளம் காட்டிவிட்டால், பொருளடக்கத்தை அதுவே தயாரித்து, தொட்டால் போகிற மாதிரி கொடுத்துவிடும். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையில் நான்கு உபதலைப்பு சேர்ந்தால் பொருளடக்கம் தானாக முளைக்கும் என்பது நெடுநாள் வழக்கம். 2023-ல் ஆங்கில விக்கிப்பீடியா தோற்றம் மாறியபோது, அது பக்கத்தின் இடது ஓரத்துக்குப் போய், நாம் கீழே இறங்க இறங்கக் கூடவே வர ஆரம்பித்தது. டவுன் பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பிங் சொல்லிக்கொண்டே வரும் கண்டக்டர் மாதிரி.

நம் ஆட்களுக்கும் இது புதிதில்லை. 1330 குறளை 133 அதிகாரமாக, பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்பதால்தான் எண் சொன்னால் குறள் சொல்கிற பிள்ளைகள் பரிசு வாங்குகிறார்கள். தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல். உ.வே.சா. பதிப்புகளில் பாட்டு முதற்குறிப்பு அகராதி, அரும்பத அகராதி என்று பின்னால் தனியாக இருக்கும். முதல் சொல் தெரிந்தால் போதும், பாட்டைப் பிடித்துவிடலாம். அச்சு வருவதற்கு முன்பு மனப்பாடமாகவே வைத்திருந்தவர்கள் அந்தாதி என்று ஒன்று செய்தார்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல். அதாவது, 'அடுத்த பகுதிக்குச் செல்ல' என்ற இணைப்பு. நூறாவது பாட்டின் முடிவு முதல் பாட்டின் ஆரம்பத்தில் போய் முட்டும். அதாவது, 'மேலே செல்ல'. பட்டருக்கு மௌஸ் தேவைப்படவில்லை.

ஒரு வாரம், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து, அந்த 412 பக்கத்தையும் ஒரே நீளமான இணையப் பக்கமாக மாற்றினேன். தீர்ப்புகள் எழுத்தாக, ஸ்கேன்கள் படமாக. மேலே ஒரு பொருளடக்கம். முப்பது வருஷத் தொழில் அனுபவம் ஆயிற்றே, அழகாக வகுத்தேன். மனுதாரர் தரப்பு, எதிர்மனுதாரர் தரப்பு, சட்ட நிலை, முந்தைய உத்தரவுகள், ஆய்வு, ஆணைகள், பின்னிணைப்புகள். பதினொரு பகுதி. பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று எண் போட்டு, இணைப்பைப் பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதை ஊரில் இருபது பேருக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா பெரியப்பா?"

"பாத்தேன். நல்லாத்தான் கீது. ஆனா நம்ம ஊரு எங்கடா கீது இதுல?"

"பின்னிணைப்புகள்ல இருக்கு பெரியப்பா."

"அப்டின்னா?"

எனக்கு உறைத்தது. நான் பொருளடக்கம் போட்டது காகிதத்துக்கு. மனுஷனுக்கு இல்லை. நீதிமன்றம் எந்த வரிசையில் யோசித்ததோ அந்த வரிசையில் தலைப்பு வைத்திருந்தேன். பெரியப்பா எந்த வரிசையில் யோசிப்பார் என்று ஒரு தரம் கூட யோசிக்கவில்லை.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டேன். "நீங்க கேளுங்க பெரியப்பா, நான் எழுதிக்கறேன்" என்றேன். அவர் கேட்டது இவ்வளவுதான்:

நம்ம ஊர் இதில் எங்கே வருகிறது? யார் யார் பெயர் இருக்கிறது? எவ்வளவு? யார் கட்ட வேண்டும்? எப்போது? கொடுக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கிணறு பழையபடி ஆகுமா?

பொருளடக்கம் முடிந்தது. இதைவிட நல்லதை இந்தத் தொழிலில் நான் போட்டதில்லை. ஏழு கேள்வி, ஏழு இணைப்பு. 'எவ்வளவு?' என்பதைத் தொட்டால் 2001 உத்தரவுக்குப் போகும். 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டு, 547 தொழிற்கூடங்கள் கட்ட வேண்டியதாகச் சுமார் 26 கோடியே 82 லட்சம் நிர்ணயித்தார்கள். பெரிய தொகை மாதிரி தெரியும். நீங்களே வகுத்துப் பாருங்கள், சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். 'எப்போது?' என்பதைத் தொட்டால் 2025 தீர்ப்பு. இதுவரை கொடுக்காமல் விட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு ஆணை. 'கிணறு பழையபடி ஆகுமா?' என்பதைத் தொட்டால், சேதம் சரிசெய்யப்படும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடரும் என்கிற இடத்துக்கும், உயர் நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொன்ன இடத்துக்கும் போகும்.

"அப்ப ஆகும்ன்றாங்களா, ஆகாதுன்றாங்களா?" என்று பெரியப்பா கேட்டார். அதற்கு என்னிடம் இணைப்பு இல்லை.

இதற்குள் இன்னொரு கோளாறு. அது முழுக்க முழுக்க என் தப்பு. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர் பதினாலு பக்கம் கொண்டுவந்தார், பழைய மனுவின் நகல். அதை மூன்றாவது பகுதியாகச் செருகினேன். உடனே பழைய மூன்று நான்காயிற்று, நான்கு ஐந்தாயிற்று. வரிசை சரியாக இருக்கிறதே என்று நான் எல்லா எண்களையும் மாற்றிவிட்டேன். ஆனால் அந்த இருபது பேர் கையில் பழைய இணைப்புகள் இருந்தனவே! 'பகுதி ஏழு'தான் பெயர்ப் பட்டியல் என்று நம்பித் தொட்டவர்களுக்கு வேறு ஏதோ வாதம் வந்து நின்றது. ஒருத்தர் போனில், "பட்டியலையே எடுத்துட்டாங்களாமே, உண்மையா?" என்று கேட்டார். குரலில் நடுக்கம். நமக்கு அது ஒரு ஹாஷ் குறி. அவருக்கு அது பெயர் இருக்கிறதா, இல்லையா என்கிற விஷயம்.

முகவரிகளை மாற்றாதீர்கள் என்று பெர்னர்ஸ் லீ 1998-லேயே ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். நானும் படித்திருக்கிறேன். படித்து என்ன?

எனக்குப் புத்தி வந்தது வேறு ஆளால். பெரியப்பாவின் மாப்பிள்ளை, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், இருபத்தைந்து வருஷம் டேனரியில் வேலை பார்த்தவர். ஆமாம், அதே குடும்பத்தில்தான். எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டில் ஒருத்தருக்குக் கிணறு போயிருக்கும், இன்னொருத்தருக்குச் சம்பளம் அங்கிருந்து வந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டின்போது என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"நாங்க தோலுக்கு நம்பர் எப்படிப் போடுவோம் தெரியுமா மச்சான்? மேல இருந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ண மாட்டோம். தோலு குழிக்குள்ள போகும், வரும், பொரளும். மேல இருந்தது கீழ போய்டும். எந்தத் தோலு எந்த லாட்டுன்னு அந்தத் தோலுலயே ஓரமா ஒரு வெட்டு வெட்டி வெச்சிடுவோம். சுண்ணாம்புல போட்டாலும் அந்த வெட்டு அழியாது. எந்தக் குழியில கெடந்தாலும் அது இன்னாருடையதுதான்."

நான் சோற்றுக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடையாளத்தை வரிசையில் வைக்காதே, பொருளிலேயே வை. முப்பது வருஷமாக நான் சம்பளம் வாங்கிய தொழிலின் சாரத்தை ரசம் சாதத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அன்று சாயந்திரமே எல்லா நங்கூரத்துக்கும் பெயர் மாற்றினேன். பகுதி ஏழு இல்லை, 'பெயர்ப்பட்டியல்'. பகுதி ஒன்பது இல்லை, 'தொகை'. இனி நடுவில் ஆயிரம் பக்கம் செருகினாலும் 'தொகை' தொகைக்குத்தான் போகும். பழைய இணைப்புகளையும் சாகவிடாமல் அந்தந்த இடத்திலேயே ஒட்டி வைத்தேன். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் 'மேலே செல்ல' என்று ஒரு வரி. பெரியப்பாவுக்கு இந்த வரிதான் எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது. "எங்க போனாலும் திரும்பி வந்துடலாம்னு தெரிஞ்சாதான்டா தைரியமா உள்ள போகத் தோணுது" என்றார். எழுதி மாட்டிவைக்க வேண்டிய வாக்கியம்.

மாப்பிள்ளையும் போனை வாங்கிப் பார்த்தார். ஏழு கேள்வியில் எதையும் தொடவில்லை.

"எங்களைப் பத்தி எதுவும் இல்லையா?" என்றார்.

இருந்தது. 1996 தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் தொழில் நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் வேலையும் தருகிற முக்கியமான தொழில், ஏற்றுமதியாகும் பதனிட்ட தோலில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது என்றெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்கவும் மக்கள் ஆரோக்கியத்தைக் கெடுக்கவும் அதற்கு உரிமை கிடையாது என்று சொல்கிறார்கள். ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரண்டு பாதி. நான் வைத்த ஏழு வாசலும் இரண்டாம் பாதிக்குத்தான் திறந்தன. முதல் பாதிக்கு வாசலே வைக்கவில்லை. இணைப்புகளில் இருக்கிற ஆபத்து இதுதான். வாசல் இருக்கிற அறைக்குத்தான் எல்லோரும் போவார்கள். வாசல் இல்லாத அறை பக்கத்திலேயே இருந்தாலும் இல்லாத மாதிரிதான். பொருளடக்கம் போடுகிறவன் ஒன்றையும் நீக்காமலேயே ஒன்றை மறைத்துவிட முடியும்.

எட்டாவதாக ஒரு கேள்வி சேர்த்தேன்: 'தொழிலையும் தொழிலாளரையும் பற்றி என்ன சொல்கிறது?' அதைத் தொட்டால் அந்த வாக்கியத்தின் முதல் பாதியில் போய் நிற்காது. அதற்கு முந்தைய பத்தியின் தலையில் போய் நிற்கும். இரண்டு பாதியையும் படித்தே ஆகவேண்டும்.

இப்போது பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

எங்கள் நிலத்தில் ஒரு துண்டு பாட்டி பெயரில் இருந்தது. பெரியப்பாவுக்கு அவர் பங்குக்கு உண்டான தொகை ரொம்ப வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது. பாட்டி பங்குக்கு வரவில்லை. அதைக் கேட்டு அவர் அலைந்த இடத்திலெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: "பட்டியல்ல பேரு இல்ல." எந்த அலுவலகம், யார் சொன்னது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சொன்னவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவரும் பெயரைத் தேடியிருப்பார், கிடைத்திருக்காது. அவ்வளவுதான். பாட்டி கண்ணை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் பெரியப்பாவுக்கு அது முள்ளாகவே இருந்தது. "அம்மா அந்தக் கெணத்துல தண்ணி எறைச்சாங்கடா. பேரு இல்லன்றாங்க."

ஸ்கேன் பக்கங்களுக்குத் தலைப்பு வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் படித்தாக வேண்டும். வேறு வழியில்லை. கம்ப்யூட்டருக்கு அது படம். ஒரு நீளமான ஆவணத்தை முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் அதற்குப் பொருளடக்கம் போடுகிறவன்தான் என்று நினைக்கிறேன். கொடுத்தவர் படித்திருக்க மாட்டார். வாங்கியவர் படித்திருக்க மாட்டார். 287-ம் பக்கத்தில், ஊர்ப் பெயருக்குக் கீழே வராமல், பக்கத்துக் குக்கிராமத்தின் பெயருக்குக் கீழே, சாய்ந்து தேய்ந்த ஒரு வரி. முதல் எழுத்து தப்பு. புருஷன் பெயர் சரி. சர்வே எண் சரி. பாட்டிதான்.

இத்தனை வருஷமாக அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். 'இல்லை' என்று சொல்லப்பட்டுக்கொண்டே.

அந்த வரிக்குத் தனியாக ஒரு நங்கூரம் போட்டேன். என் தொழிலில் ஒற்றை வரிக்கு நங்கூரம் போடுவது அதிகப்பிரசங்கித்தனம். பகுதிக்குப் போடலாம், உபபகுதிக்குப் போடலாம். அதற்கு மேல் போனால் பொருளடக்கமே இன்னொரு ஆவணம் அளவுக்கு வளர்ந்துவிடும் என்று புதுசாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பரவாயில்லை என்று போட்டேன்.

அடுத்த ஞாயிறு திண்ணையில் பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தேன். "தொடுங்க" என்றேன். தொட்டார். பக்கம் ஒரு துள்ளு துள்ளி அந்த வரியில் போய் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொகை நாலாயிரத்துச் சில்லறை. அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எழுத்து தப்பாப் போட்டுக் கீறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பேரு கீது" என்றார்.

பக்க எண், வரிசை எண், சர்வே எண் எல்லாம் குறிப்பிட்டு மனு எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது. வேறொன்றும் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நானூறு பக்கம் இருக்கலாம். பாகப்பிரிவினை, அப்பார்ட்மென்ட் சங்கத்தின் விதிகள், ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் பாலிசி, ஏதோ ஒரு கேஸ் கட்டு. உங்களுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்றால் ஒரு சாயந்திரம் ஒதுக்குங்கள். யாருக்காக என்று முதலில் தீர்மானித்து, அவரை உட்காரவைத்து அவர் கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளையே தலைப்பாக வையுங்கள். 'இங்கே சொடுக்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். எண்ணை நம்பாதீர்கள், தோலின் ஓரத்தில் வெட்டுங்கள். திரும்பி வர வழி வையுங்கள். முடித்த பிறகு, உங்களுக்குப் பிடிக்காத அறைக்கும் ஒரு வாசல் வைத்திருக்கிறோமா என்று ஒரு தரம் பாருங்கள்.

போன வாரம் அக்கா போனில் சொன்னாள். பெரியப்பா இப்போதும் ராத்திரி தூங்குவதற்கு முன்னால் போனை மூக்குக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். ஆனால் மேலே மேலே தள்ளுவதில்லையாம். ஒரே ஒரு தரம் தொடுகிறார், பார்க்கிறார், 'மேலே செல்ல' என்பதை அழுத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறாராம்.